தன்மை ஒருமை

புதுக்கடை நீதவான் நீதிமன்றில்
பதினாறு வருஷமாக என் வேலை
பிறருடைய 'நானை'ச் சொல்வது.

'தான் குத்தவில்லை என்கிறார்' என்று சொல்லக்கூடாது,
'நான் குத்தவில்லை' என்றே சொல்லவேண்டும்.
கூண்டில் நிற்பவரின் நான்
என் வாய்க்குள் தமிழாக நுழைந்து
சிங்கள 'மம'வாக வெளியே வரும்.
இப்படி நான்
கள்ளக் கையொப்பம் இட்டிருக்கிறேன்,
கடன் வாங்கி ஒளித்திருக்கிறேன்,
ஒரே காலையில் மூன்று தடவை
கசிப்பு விற்றிருக்கிறேன்.
ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கையில்
எல்லா நான்களும் கழன்றுவிடும்.
கை கழுவினால் போதும்.

செவ்வாய்க்கிழமை சந்தனம் வந்தார்.
நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமப்பவர்.
ஊர் மஸ்கெலியா.
களவு, மைசூர்ப் பருப்பு ஏழு கிலோ.
எடுத்தாயா என்று நீதவான் கேட்க
எடுத்தீரா என்றேன் நான்.
'எடுத்தேங்க.'
'மம கத்தா.'
எழுதியாயிற்று.

அதற்குப் பிறகுதான் அவர்
தரையைப் பார்த்தபடி சொன்னார்:
'மூட்ட கிழிஞ்சிருந்துச்சுங்க.
கீழ சிந்துனதத்தான் அள்ளுனேன்.'

வெளியே மழை. இன்னும் நாற்பது வழக்கு.
நீதவானின் கை அடுத்த கோப்பில்.
'என்னவாம்?'
'வேறொன்றுமில்லை, ஐயா.'

தண்டம் ஐயாயிரம்.
கட்டாவிட்டால் இரண்டு கிழமை.
கட்ட ஆளில்லை.
கூட்டிப்போகையில் சந்தனம்
நீதவானைப் பார்க்கவில்லை,
என்னைத்தான் பார்த்தார்.

பின்னேரம் கொட்டாஞ்சேனையில் பூசை.
சப்பாத்துக்குள் ஈரம்; கடைசி வாங்கில் இருந்தேன்.
சுவாமி நித்திய குருவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்:
தகப்பன் வழியில் வந்த பட்டம் இல்லை,
கடா இல்லை, காளை இல்லை,
வருஷாவருஷம் திரும்பச் செய்யும் பலி இல்லை...
மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.
எனக்கு விளங்கியது
அவரும் என் தொழில்காரர் என்பதுதான்.

எங்கள் நானை வாயில் வைத்துக்கொண்டு
அந்தப் பெரிய மன்றுக்குள் போனார்.
ஒன்றேகாலுக்கு அதைக் கழற்றவில்லை.
'இவன் எடுத்தான்' என்று
ஒருதரம் சொல்லியிருந்தால்
சாப்பிடப் போயிருக்கலாம்.
சொன்ன நானுக்கே தீர்ப்பு வந்தது.
நகரத்துக்கு வெளியே இழுத்துப்போனபோதும்
படர்க்கைக்கு மாறவில்லை.
தரையைப் பார்த்து முனகியதெல்லாம்
அவர் வாயில் இன்னும் இருக்கிறதாம்,
இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பீடத்தில் சுவாமி, தடிமன் பிடித்த குரலில்,
'என் உடல்' என்றார்.
அவருடைய உடலா அது?
எனக்குப் பழகிய இலக்கணம்,
ஆனால் எதிர்த்திசையில்.
அப்பத்தைப் பிட்டார். சின்னச் சத்தம்,
சாக்கு கிழிவதுபோல.
பிறகு தட்டில் சிந்திக் கிடந்த துகள்களை
விரல்நுனியால், ஒன்றுவிடாமல்,
அள்ளினார்.

நான் எழும்பவில்லை.
நற்கருணை வரிசை என் முழங்காலைத் தாண்டிப் போனது.

இரவு, கரண்ட் பில்லுக்கு வைத்திருந்ததை எண்ணினேன்.
நாலாயிரத்து முந்நூறு.
மேசையில் இருந்து
சந்தனத்தின் இரண்டு வாக்கியத்தையும்
சிங்களத்தில் எழுதிப் பார்த்தேன்.
கிழிந்தது வந்தது. சிந்தியதும் வந்தது.
அள்ளியதுதான் சரிவரவில்லை.
'கத்தா' என்றால் களவாகிவிடும்,
'எகது களா' என்றால்
மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா சேர்த்ததுபோல.
குனிந்து, கையைக் குவித்து,
சீமெந்துத் தரையில் செய்து பார்த்தேன்.

விடிய எட்டரைக்குப் பதிவாளர் அறை திறக்கும்.
எந்தச் சொல் கிடைத்தாலும்
அதற்கு முன்னால் ஒன்று வரவேண்டும்.
பல் விளக்கும்போது கண்ணாடிக்குச் சொன்னேன்,
குரல் தடுமாறியது:
மம.
மம.