தனியா

செக்காலை ரோட்டில், மாடியில் ஓர் ஆய்வுக்கூடம்.
காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு
ஊசி குத்துவது என் வேலை.
குழாயில் பெயர் ஒட்டி, வயது எழுதி,
சுழலவிட்டுப் பிரிந்த பிறகு
மேலே நிற்கும் மஞ்சளை மட்டும் உறிஞ்சி எடுப்பேன்.

முப்பத்தாறு வயதில்,
தீர்ப்பு வந்து இரண்டு வருடம் கழித்து,
அந்தச் செயலியில் என் பெயரில் பாதியைப் போட்டேன்.
ஊரைப் போடவில்லை.
அதுவே போட்டுக்கொண்டது:
எழுநூறு மீட்டர் தொலைவில்.

மெட்ராஸில் எழுநூறு மீட்டர் என்றால் ஒரு காடு.
காரைக்குடியில் அது
பச்சை கேட், முருங்கை மரம், மாடிக்கொடியில் காயும் நைட்டி.
மூன்றாம் நாள் ஒருவன் எழுதினான்:
'முருங்கை பூத்திருக்கு போல.'

அன்றிரவே தொலைவை அணைத்தேன்.
அதைத் தேடிப் போனபோதுதான் பார்த்தேன்,
அமைப்புகளின் அடியில் ஒரு காலிக் கட்டம்:
மறைக்க வேண்டிய சொற்கள்.

எந்தச் சொல் உனக்கு வேண்டாம் என்று
அதுவரை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.
கல்யாணத்தில் கேட்கவில்லை.
கோர்ட்டில் கேட்டார்கள், சாட்சி இருக்கா என்றும் சேர்த்து.

முதலில் உறுப்புகள்.
அது சுலபம், தினம் படிவத்தில் எழுதுகிறவைதான்.
அப்புறம் ஆன்ட்டி.
அப்புறம் 'எந்தக் கோயில்', 'எந்த ஆளுங்க'.
அப்புறம் அந்தப் பதினோரு மணிச் சொல்:
தனியா.
தனியா இருக்கீங்களா. தனியா வருவீங்களா.
தனியாத்தானே?
ஆறு விதமாய்ச் சேர்த்தேன்,
இங்கிலீஷ் எழுத்திலும், நடுவில் புள்ளி வைத்தும்.
எழுதுகிறவர்கள் படித்தவர்கள் அல்லவா.

பிறகு போன் அமைதியானது.
மறைந்து கிடப்பதை வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பேன்,
மனதுக்குக் கையுறை போட்டுக்கொண்டு.
யார், எத்தனை முறை என்று பார்ப்பேன்.
இரண்டு பேரைத் தேதியோடு படம் பிடித்துப்
புகார் கொடுத்தேன். ஒருவன் போய்விட்டான்.
மற்றவன் வேறு பெயரில் வந்திருக்கலாம்.

மாசியில் ஒரு வெள்ளி.
அந்தக் கழிவுக்கு நடுவில் இது:

'பள்ளத்தூரில் மசாலா மில் வைத்திருக்கிறேன்.
பாக்கெட்டில் தனியாத் தூள் என்று அச்சடித்துவிட்டார்கள்.
மெட்ராஸ் அச்சகம். நம்ம பக்கம் யார் அப்படிச் சொல்கிறார்கள்?
நாலாயிரம் பாக்கெட்.
சிரிப்பு வந்தால் பதில் போடுங்கள்.
வராவிட்டால் பரவாயில்லை.
சாத்தப்பன்.'

பத்தொன்பது நாள் பழசு.
அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் இல்லை.
ஏன் பதில் இல்லை என்று இல்லை. ஹலோ இல்லை. கேள்விக்குறி இல்லை.
அந்த இல்லாததைத்தான் இரண்டு முறை படித்தேன்.

ஆய்வுக்கூடத்தில் இப்படி நடக்கும்.
இல்லாத நோயை இருக்கிறது என்று காட்டும்.
மறுபடி ரத்தம் எடுப்போம்.
கருவியைத் தூக்கி எறிய மாட்டோம்.

பட்டியலைத் திறந்து அந்தச் சொல்மேல் விரல் வைத்தேன்.
நீக்கவா என்றது.
வேண்டாம் என்றேன்.

அவரை மட்டும் கையால் எடுத்து வெளியே வைத்தேன்.
தொலைவை இன்னும் திறக்கவில்லை,
பெயரின் மீதிப் பாதியும் என்னிடமே.
எழுதினேன்:

'சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.
இனி மல்லி என்றே எழுதுங்கள்.
இங்கே அதுதான் உள்ளே வரும்.'