ஓரிரவு எடுத்துப் போய்ப் பாருங்கள்

லாமிங்டன் சாலையில் மழை பிடித்துக்கொண்டது.
நிகுஞ்ச் கடைத் தகரத்துக்கு அடியில்
ஒதுங்கத்தான் போனேன்.
எட்டாயிரத்து எழுநூற்றைம்பது என்றார்,
நான் கேட்காமலே.

டிஜிட்டல் ரேடியோ அம்மா,
தண்ணீர் மாதிரி இருக்கும் சத்தம்.
எங்கள் ஆன்டாப் ஹில் குழாயில் வரும் தண்ணீரை
அவர் பார்த்ததில்லை.

இரைச்சல் இருக்காதா?
இருக்காது.
பக்கத்து வீட்டு மிக்ஸி?
கேட்காது.
லிஃப்ட் மோட்டார், எல்இடி பல்பு, தூரத்து மின்னல்?
எதுவும் கேட்காது.
நிலையமாவது கேட்குமா என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
அந்த யோசனைக்காகத்தான் அவரை நம்பினேன்.
இரண்டாயிரம் வைத்துவிட்டு
ஓரிரவு எடுத்துப் போய்ப் பாருங்கள், என்றார்.

வீட்டில் ஜெபநேசன்
அலமாரியில் இடம் ஒழித்தே வைத்திருந்தார்.
ஃபோனில் சொன்னது என் தப்பு.

சமையலறையில் நிலையத்தின் பெயர் வந்தது,
திரையில், அழகான எழுத்தில்.
குரல் வரவில்லை.
கட்டிலின் தலைமாட்டில் பெயரும் இல்லை.
ஜன்னல் கம்பியோடு ஒட்டிப் பிடித்தபோது
ஒரு பெண் 'நமஸ்' என்றாள்.
'கார்' வர மூன்று நிமிடம் ஆயிற்று,
அதுவும் வேறொருவர் வாயிலிருந்து.

பழைய பெட்டி கெட்டுப்போகும்போது
சொல்லிக்கொண்டு கெட்டுப்போகும்.
கரகரக்கும், மூக்கடைக்கும்,
எங்கிருந்தோ ஒரு பஜனை செய்தியின் தோளில் ஏறி உட்காரும்.
நாம் காதைச் சாய்த்து
மிச்சத்தை நாமே போட்டுக்கொள்வோம்.
இது அப்படியில்லை.
இருந்தால் முழுதாக இருக்கும்,
இல்லையென்றால் இல்லை.
இப்படியொரு மேலாளரிடம்
பதினோரு வருடம் கணக்கெழுதியிருக்கிறேன்.

நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு
படியேறினோம்.
நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
ஒன்பதாவது படி.
அங்கே வந்தது.

தபலாவில் விரல் விழுமுன்
உள்ளங்கை தோலில் உரசியது கேட்டது.
பாடுகிறவர் மூச்சிழுத்தது,
இழுத்ததில் பாதியை வைத்துக்கொண்டது,
ஒரு நாற்காலி முனகியது.
குப்பைப் பையோடு கீழே இறங்கிய
ஐந்நூற்றிரண்டு மித்தாலி
பையைச் சுவரோரம் வைத்துவிட்டு
எங்களுக்கு மேல்படியில் உட்கார்ந்தாள்.
யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மணிச் செய்திக்கு
ஜெபநேசன் ஓடிப்போய்ப் பழையதையும் எடுத்துவந்தார்.
ஒரே நிலையம், இரண்டு பெட்டி, ஒரு படி.
பழையது முந்திக்கொண்டது,
வாயில் மணலோடு.
நாலு விநாடி கழித்துப் புதியது அதையே
துடைத்து, மடித்து, கையில் கொடுத்தது.
கொங்கண் பாதையில் மண்சரிவு, இரவு ரயில் நிறுத்தம்.
தெளிவாக அதைக் கேட்டபோது
மித்தாலி ஏற்கனவே ஃபோனைக் காதில் வைத்திருந்தாள்.
அவள் அண்ணன் அந்த ரயிலில்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.
இரண்டு பெட்டியையும் நிறுத்தினேன்.
பிறகு எடுத்தான்.
ரயிலையே தவறவிட்டிருந்தான், வழக்கம்போல.
அவள் திட்டியது
ஏழு மாடிக்கும் துல்லியமாக எடுத்தது.

மறுநாள் நிகுஞ்ச் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மூலையில் மஞ்சள் கறை, அதற்கு இருநூறு பிடித்துக்கொண்டார்.
எப்படி இருந்தது?
ஒன்பதாவது படியில் பிரமாதம், என்றேன்.
சிரிக்காமல் தலையாட்டினார்,
இதே பதிலை முன்பும் கேட்டவர்போல.
பழையதன் கொம்பில் கட்ட
எட்டு மீட்டர் ஒயர் வாங்கிக்கொண்டேன், அறுபது ரூபாய்.

ஒயர் இப்போது துணிக்கொடியோடு ஓடுகிறது.
ஈரத்துணி காய்ந்தால் நிலையம் கொஞ்சம் தெளிகிறது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.
அலமாரியில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.
ஊறுகாய் ஜாடியைக்கூட அங்கே வைக்க
ஜெபநேசன் விடுவதில்லை.
லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் மித்தாலி கேட்கிறாள்,
எப்போது வாங்கப் போகிறீர்கள்?
படிதான் இருக்கிறதே.