வாய்தாவுக்கு முந்தின ஞாயிறு

அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு
முழுக்கோட்டுச் சபையில் நான்தான் கணக்கு.
மட்டிக்குலை இரண்டு, செந்துளுவன் ஒன்று,
கால் கட்டின நாட்டுக்கோழி,
அரைச் சாக்கு மரச்சீனி, பத்து ரப்பர் ஷீட்,
ஓரம் கருகின ஒரு கேக்.
கொடுத்தவர், எடுத்தவர், விலை.
மூன்று கட்டம் போட்ட நோட்டு.

பிரசங்கம் அன்றைக்கும் கனியைப் பற்றித்தான்.
தலையாட்டிக் கேட்டேன்.
பத்து வயதில் ஒன்பது கனியையும்
மூச்சுவிடாமல் ஒப்பித்து
எவர்சில்வர் டம்ளர் வாங்கினவன் நான்.
இப்போதும் அதில்தான் கருப்பட்டிக் காப்பி.
நாலாவது கனியின் பெயர் மட்டும்
ஆண்டுக்கு ஆண்டு சற்று மங்கலாகக் கேட்கிறது.

"அடுத்தது வருக்கைச் சக்கை,"
கில்பர்ட் மைக்கில் சீட்டைத் திருப்பினான்.
"கொடுத்தவர்..."
என் பெயரைச் சொன்னான்.

நான் கொடுக்கவில்லை.

வேர் என் மண்ணில். கொப்பு வேதமணியின் முற்றத்தில்.
நடுவில் ஒன்றரை சென்ட்,
குழித்துறைக் கோர்ட்டில் பதினொரு வருஷம்.
மூன்று சர்வேயர் வந்தார்கள்,
மூன்று இடத்தில் கல் போட்டார்கள்.
போன கார்த்திகையில் ரம்பத்தோடு ஏறினேன்.
கனி மிகவேண்டி பிதா நறுக்குவார் என்று வேதத்தில் உண்டு.
நான் நறுக்கினது
அவன் தொழுவத்துக்கு நிழல் போகட்டும் என்று.
மரத்துக்கு வழக்கு நம்பர் தெரியவில்லை.
வெட்டின மூட்டுக்கு ஒரு சாண் தள்ளி
அவன் பக்கமாகவே காய்த்தது.

வைகாசியில் பார்த்தேன்,
அந்தக் காய்க்கு அவன் சாக்கு கட்டிக்கொண்டிருந்தான்.
திருடத்தான் மறைக்கிறான் என்று
வக்கீலுக்கு அன்றே ஃபோன் செய்தேன்.
அணில் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசி பெஞ்சில் வேதமணி
தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.
கொடுத்தவர் கட்டத்தில்
என் பெயரை எழுதக் கை வரவில்லை.
அவன் பெயரும் வரவில்லை;
பிரதிவாதி என்றே எழுதிப் பழகின கை.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
பத்தொன்பது வருஷக் கணக்கில் முதல் வெறுமை.

அறுநூற்றுப்பத்துக்கு நானே எடுத்தேன்.
"சொந்தச் சக்கைக்கா இந்தப் போட்டி?"
சபை சிரித்தது, ஐயர் உட்பட.

வீட்டில் சாக்கு விரித்து
கத்தியைப் பாய்ச்சின பிறகுதான் றோஸ்லெட் சொன்னாள்,
"தேங்காண்ணெ தீந்து போச்சே."
பால் வழிந்து விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன.
ஜெபத்துக்குச் சேர்த்த கை மாதிரி இருந்தது.
சேர்த்தது நானல்ல.
மேசையில் ஃபோன் அடித்தது. வக்கீல்.
நாளைக்குப் பத்து மணிக்கு வாய்தா.
எடுக்க முடியவில்லை.

றோஸ்லெட் என்னிடம் ஒன்றும் கேட்காமல் இறங்கினாள்.
முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல்,
எதிலும் கால் இடறவில்லை.
அங்கே வாசலில் யாரும் அவளை
"என்ன விசேஷம்?" என்று கேட்கவும் இல்லை.
எத்தனை நாழி அரிசி போயிருக்கும்,
எத்தனை கிண்ணம் குழம்பு வந்திருக்கும்.
நான் தின்ற எந்தச் சோற்றில்
அந்த வீட்டு உப்பு கிடந்ததோ,
என் நோட்டில் ஒரு வரி இல்லை.

சிரட்டையில் எண்ணெய் வந்தது.
என் கையைப் பிடித்து அவளே தேய்த்தாள்,
மெதுவாக, விரல் விரலாக.
மணம் அதற்குள் கல்லைத் தாண்டிப் போயிருந்தது.
தொழுவத்தில் பசு கத்தியது.

சுளைகளை இரண்டு பாத்திரத்தில் எடுத்து வைத்தேன்.
எண்ணவில்லை.
யார் கொண்டுபோவது என்று
நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஃபோன் மறுபடி அடித்தது.
கை சுத்தமாகத்தான் இருந்தது.