தாளம் பிந்துது

கந்தளாய் தாண்டும்வரை அது என் மடியில்,
துவாய் சுற்றி.
"பிள்ளைக்கு என்ன பேர்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
விலக்கிக் காட்டினேன்.
மயிர் உறை போட்ட ஒலிவாங்கி.
மீதி வழி முழுக்க
ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

போன மாதம் ருவூமா ஆறு கடலில் விழும் ஊரில்
பத்தொன்பது நாள் இருந்தேன்.
பன்னிரண்டு பெண்கள், நாலு முழவு,
நாணல் தட்டுக்குள் விதை அடைத்த கிலுகிலுப்பை,
ஒரு ஆடு.
ஆடு எல்லாப் பதிவிலும் இருக்கிறது, கூப்பிடாமலே.

அவ்வளவும் இப்போது சட்டைப் பையில்,
நகமளவு அட்டையில்.
நடுக்கடல் மேலே வரும்போது
கோழியா மீனா என்று கேட்டார்கள்.
மீன் என்றேன்.
இதே கடலை மரக்கலத்தின் அடித்தட்டில் கடந்தவர்களிடம்
யார் என்ன கேட்டிருப்பார்கள்?
நான் நிரப்பும் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

திருகோணமலை பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
கிட்ட வந்து மயிர் உறையை முகர்ந்தது,
ஒருதரம் நக்கியது,
தன் இனமில்லை என்று கண்டு
வாழைப்பழத் தோலுக்குத் திரும்பியது.

பாலையூற்று.
ஆஸ்பத்திரி வெளுப்பறையில் வேலை முடித்து
எமரென்சியானா ஐந்தரைக்கு வந்தார்.
"முகம் கழுவிக்கொண்டு வாறன்.
உங்கட மெசினுக்கு முகம் தேவையில்லை,
எனக்குத் தேவை."
மச்சான் லுடோவிக் மோட்டார்சைக்கிள் திருத்துகிறவர்.
பியர்ப் போத்தலும் பதினாலாம் நம்பர் ஸ்பானரும் எடுத்தார்.
பதின்மூன்று சரிவராதாம்,
சத்தம் மெல்லிசாம்.
பிள்ளைகளுக்குச் சிரட்டை.

முதல் தடவை: பாண் ஓட்டோவின் இசை.
இரண்டாம் தடவை: கடற்படை ஹெலி.
மூன்றாவதில் மஃரிப் பாங்கு; எல்லோரும் நிறுத்தினோம்,
பிள்ளை ஒன்று கொட்டாவி விட்டது.
நாலாவது தடவை,
ஊர் தன் சத்தமெல்லாம் தீர்த்து ஓய்ந்தபிறகு,
பாட்டு வந்தது.
சொல் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.
அவர்களுக்கும் விளங்கவில்லை.
அதனால் எங்கேயும் தடக்கவில்லை.

பிறகு ருவூமாவைப் போட்டேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது:
அழுவார்கள் என்று நினைத்திருந்தேன்.
இரண்டாவது கருவியை
ஓசைப்படாமல் ஓடவிட்டிருந்தேன்,
அழுகைக்காக.

கேட்டார்கள்.
"ஆடு நல்லாயிருக்கு" என்றார் லுடோவிக்.
எமரென்சியானா தலையைச் சாய்த்தார்,
வெளுத்த சீலையில் கறை தேடுகிறவர் மாதிரி.
"தாளம் பிந்துது."
"எங்கே?"
"மூண்டாவதில. எல்லாரும் சேர்ந்து பிந்தினம்.
போய்ச் சொல்லுங்கோ."
சிரட்டையைப் பறித்து
மேசையில் தட்டிக் காட்டினார்:
இப்படி, இப்படி, இப்ப.
ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது கருவி
அதைப் பிடித்தது.

படிவத்தில் 'பாட்டின் பொருள்' என்றொரு கட்டம் உண்டு.
என்ன எழுத என்றேன்.
"கடைசி வரியில ரெண்டு தரம் கை தட்டவேணும்
எண்டு எழுதுங்கோ."
"அது பொருளில்லையே."
"தட்டாமப் பாடிப் பாருங்கோ."
எழுதினேன்.

இரவு உப்புவெளி விடுதியிலிருந்து
அந்தச் சிரட்டைத் தட்டை
ருவூமாக் கரையின் ஸுகுராவுக்கு அனுப்பினேன்.
நீங்கள் பிந்துகிறீர்களாம், என்று
எனக்குத் தெரிந்த அரைகுறைச் சுவாஹிலியில்.
இரண்டு நாள் ஒன்றுமில்லை.
ஒருவேளை கோபம்.
ஒருவேளை கைபேசியில் காசில்லை.

மூன்றாம் நாள் வந்தது, நாற்பத்தொரு செக்கன்.
முதல் பதினைந்தும் சிரிப்பு,
பன்னிரண்டு பேருடையதும்.
பிறகு முழவு.

வெளுப்பறை வாசலில்
ஈரக்கையைச் சட்டையில் துடைத்து
எமரென்சியானா கைபேசியைக் காதில் வைத்தார்.
உள்ளே பெரிய இயந்திரம் ஒன்று
யாருடைய போர்வைகளையோ சுழற்றிக்கொண்டிருந்தது.
ஒருதரம் கேட்டார்.
மறுபடி கேட்டார்.
மூன்றாவது தட்டு வரும் இடத்தில்
அவர் பாதம் முந்திக்கொண்டு நிலத்தில் விழுந்தது,
காத்திருந்தது,
இன்னும் காத்திருந்தது.

"முந்தியைவிடப் பிந்தினம்" என்றார்.
"வேணுமெண்டே பிந்தினம்,
கள்ளியள்."