ஏழாவது படி

வின்டர்தூர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு பழைய சர்வர் இன்னும் ஓடுகிறது,
ஒரே ஒரு கோப்புக்காக.

புதிய மென்பொருளுக்கு மாறிய அன்று
பாதி வழியில் நின்றவை இருநூற்றுப் பதினான்கு.
பழையது எழுதிவைத்ததைப்
புதியதால் வாசிக்க முடியவில்லை.
"அணைக்காதே, தானாய் முடியட்டும்" என்றார் உர்ஸ்.
முடிந்தன.
ஆலங்கட்டி விழுந்த கூரை, முன்கண்ணாடி போன கார்,
இன்டர்லாக்கனில் தொலைந்த சூட்கேஸ்,
எல்லாம் தத்தம் தொகையை வாங்கிக்கொண்டு போயின.

மிச்சம் இது.
பதினொரு படிகளில் ஏழாவது.
நிலை: மதிப்பீட்டாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு விழிக்கும்,
பதில் வந்ததா என்று பார்க்கும்,
இல்லை என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கும்.
மின்சாரம் போய் வந்த மார்ச் மாத இரவிலும்
எழுந்தது அதே ஏழில்தான்.
ஆயிரத்து நானூற்று அறுபத்தொரு இல்லை.

கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.
அந்த மதிப்பீட்டாளர் வேலையை விட்டே
மூன்று வருடம் ஆகிறது.

செலவைக் காட்டி இந்த வாரம் அணைக்கச் சொன்னார்கள்.
ஒரு கட்டளை. ஒரு வரி.
தட்டிவிட்டு, என்டரை அழுத்தாமல்
ஏனோ தொலைபேசி எண்ணைத் தேடினேன்.

"கடைசியில் கூப்பிட்டுவிட்டீர்களே" என்றாள் ஏதித் ஷ்டூக்கி,
நேற்றுதான் கடிதம் போட்டவளைப் போல.

சனிக்கிழமை, புதிதாய்ச் சேர்ந்த மதிப்பீட்டாளனை
இழுக்காத குறையாய் அழைத்துப் போனேன்.
நிலவறை. சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளத்தின் கோடு.
நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை,
பச்சைத் துணிமேல் காய்ந்து வெடித்த வண்டல்.
அதில் பாதி புதைந்து ஒன்பது பந்துகள்.
பந்துகள் மிதக்காது என்று
அன்றுதான் தெரிந்துகொண்டேன்.
தண்ணீர் வந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தன.

எங்கள் கடிதத்தை நீட்டினாள்.
*ஆய்வு முடியும்வரை எதையும் மாற்ற வேண்டாம்.*
கீழே யாருடையதென்று தெரியாத கையெழுத்து.

"யாருடைய முறை?" என்று கேட்டான் பையன்.
"என் முறை. எதிராளி மேல்வீட்டு யோசிப்.
ஸாக்ரெபுக்கே திரும்பிப் போய்விட்டார்.
ஞாயிறு தவறாமல் போன் செய்வார்,
அடித்தாயா என்பார்.
இன்னும் இல்லை என்பேன்."

அவன் படமெடுத்தான், அளந்தான்,
ஷூவிலிருந்து மண்ணைத் தட்டலாமா என்று
என்னைப் பார்த்தான்.

திங்கள் இரவு உட்கார்ந்திருந்தேன்.
நான்கு வருடம் ஒரே சொல்லைச் சொன்னதற்கு
அடுத்த படி மறந்திருக்குமோ என்று பயம்.
இரண்டு மணி.
விழித்தது. பார்த்தது.
எட்டு.
ஒன்பதில் கொஞ்சம் தயங்கிற்று,
வங்கி எண் பழைய வடிவத்தில் இருந்தது.
பத்து. பதினொன்று.

காலையில் உர்ஸ் வந்து பொத்தானை அழுத்தினார்.
விசிறி உடனே நிற்கவில்லை.
இருவரும் கோட்டைக் கழற்றாமல்
அது நிற்கும்வரை நின்றோம்.