கெண்டைக்காலில் ரசீது

எதெல்காவின் படலைத் திறக்குமுன்
காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொள்வேன்.
ஒன்பது வருடமாக அந்த முற்றத்தில்
மின்சாரக் கணக்கு எழுதுகிறேன் நான்.
ஒன்பது வருடமாக
என் கெண்டைக்காலில் ரசீது எழுதுகிறது
காஷ்பார் என்னும் வாத்துச் சேவல்.

இடுப்பெலும்பு அறுவைக்கு அவள்
தெப்ரெட்சென் போகிற காலையில்
தெருவில் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.
"கடிபட்ட பிறகும் திரும்பி வருகிறவன்
நீ ஒருவன்தான், வெண்டெல்"
என்று சாவியைக் கையில் திணித்தாள்.
கூடவே, மாவுப்பையைக் கிழித்த தாளில்
கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு:

ரொட்டி போடாதே. பட்டினி கிடந்ததுபோல் நடிக்கும். போடாதே.
வாளி ஆழமாய் இருக்கட்டும்,
மூக்குத்துளை முழுகாவிட்டால் பீளை கட்டும்.
குட்டைப் புல்லில் மேயவிடு,
நீளப் புல் இரைப்பையில் திரிபோல் சுருண்டுகொள்ளும்.
ஈர வைக்கோலை அன்றன்றே மாற்று, பாதம் புண்ணாகும்.
இருட்டுமுன் கொட்டிலில் அடை.
நரி உன்னைவிட ஒழுங்காய் மணி பார்க்கும்.
கழுத்தைத் தரையோடு நீட்டி வந்தால் ஓடாதே.
முதுகு காட்டாதே. கைகளை அகல விரி.
நீயும் ஒரு பெரிய பறவை என்று நம்பு.

கடைசி வரியை அடித்துவிட்டு
மறுபடி எழுதியிருந்தாள்:
மார்ச்சில் பெடை போய்விட்டது. கொஞ்சம் பேசு.

முதல் நாள் கைகளை விரித்தேன்.
கொதிக்கும் கெண்டிபோல் சீறியது.
பறவையென்று நான் நம்பினேன்,
அது நம்பவில்லை.

மூன்றாம் நாள் சீறவே இல்லை.
அதுதான் பயமாய் இருந்தது.
புல்வெளி நடுவில் கழுத்தை ஈட்டிபோல் நட்டு
வானத்தை ஒரு கண்ணால்,
வேலியை மறு கண்ணால் பார்த்தபடி
பொழுதெல்லாம் நின்றது.
காலடியில் புல் அப்படியே இருந்தது.

பேசச் சொன்னாளே.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
யூனிட்டும் நிலுவையும் அபராதமும்.
அதைத்தான் பேசினேன்.

ஐந்தாம் நாள். வாளியை நிரப்பும்போது
படலைக்கு அப்பால் ஒரு குரல்.
சண்டைக் குரல் இல்லை. தாழ்ந்து, குழைந்து, விடாமல்,
நெடுநாள் கழித்து வந்தவரிடம்
ஊர்க்கதை சொல்வதுபோல.
என் பழைய ஸ்கோடாவின் பின்சக்கரத்தருகே காஷ்பார்.
சனிக்கிழமை தேய்த்துக் கழுவிய வீல் கப்பில்
வளைந்து வீங்கிய ஒரு வெள்ளைக் கழுத்து.
சொல்லும். நிறுத்தும். தலையைச் சாய்க்கும்.
எதிரில் இருப்பதும் சாய்க்கும்.

அப்புறம் தின்னத் தொடங்கியது.
நாலு கொத்து, ஒரு நிமிர்வு.
எதிரிலும் ஒரு நிமிர்வு.
மறுபடி நாலு கொத்து.

அப்போதுதான் உறைத்தது.
ஒன்று மேய, ஒன்று காவல் நிற்கும்.
இரண்டு இருந்தவரை அதுதான் முறை.
ஒற்றையாய்க் காவல் நிற்பவன்
எப்போது தின்பது?

காரை எடுக்க மனம் வரவில்லை.
நாலு கிலோமீட்டர் நடந்தே போனேன்,
திஸா ஆற்றுக் கரையோடு, கொசுக்கடியில்.
மறுநாள் திருப்புளியோடு வந்து
வீல் கப்பைக் கழற்றி
கொட்டில் சுவரில், புல்லின் உயரத்துக்குச் சாய்த்தேன்.

பதினோராம் நாள், ஊன்றுகோலோடு எதெல்கா.
காஷ்பார் இறக்கையை விரித்துக் கத்திய கத்தலில்
பக்கத்து வீட்டு ஜன்னல் மூன்று திறந்தன.
அவள் சுவரைப் பார்த்தாள்.
ஒரு சக்கரம் அம்மணமாய் நிற்கும்
என் காரைப் பார்த்தாள்.
"கண்ணாடி முட்டையிடாது" என்றாள்.
"ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பெடை பார்க்கவேண்டும்.
காரோடு வா."

சரியென்று சொல்லிவிட்டு,
வந்ததுதான் வந்தோமே என்று
மீட்டர் பெட்டியைத் திறந்தேன்.
திரும்பி நின்றது என் தப்பு.

அந்த மாதத் தாளில்
நூற்றுப் பதினேழு என்ற எண்ணில்
கடைசி ஏழு மட்டும்
பக்கத்தின் விளிம்புவரை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.