பன்னிரண்டு காம்பரா

ஹட்டனில் பஸ் நிலையத்துக்கு எதிரே,
ஃபஸ்மியாவின் டைப்செட்டிங் கடைக்கு மேலே
என் அறை.
நான்கு மணிநேரமாக நிரல் தொகுபடுகிறது.
மடிக்கணினியின் சூட்டில்
ஒரு ஜோடி காலுறை காய்கிறது.

சம்பளமில்லாத வேலை.
யாரும் காசு கொடுத்து வாங்கவேண்டாத எழுத்துச் செயலி;
அதற்குள் நான் ஆவணக் கருப்பொருள் சேர்க்கிறேன்.
தீம் என்றால்தான் கீழே புரியும்.

தொடக்கம் அவளுடைய கோபம்.
மரண உதவிச் சங்கத்தின் ஆண்டறிக்கை,
நாற்பத்தாறு பக்கம்.
புதிய தலைவருக்கு நீலம் பிடிக்காது.
"ஒவ்வொரு தலைப்பா போய் மாத்தணுமா?
சொல்லுங்க தம்பி, இது கம்பியூட்டரா,
கொழுந்து நிறுக்கிற தராசா?"

ஒரு தீமுக்குள் நிறங்கள் பன்னிரண்டு.
ஒட்டி ஒட்டி, வரிசையாக.
முதல் தடவை அந்தப் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்:
நான் பிறந்த லயத்திலும்
ஒரே கூரைக்குக் கீழ் பன்னிரண்டு காம்பரா.
ஐந்தாவது எங்களுடையது.

தலைப்பு 'நான் நீலம்' என்று சொல்லக் கூடாது.
'ஐந்தாம் காம்பராவில் யாரோ, அவர்தான் நான்'
என்று சொல்லவேண்டும்.
உள்ளே ஆள் மாறினால்
நாற்பத்தாறு பக்கமும் சேர்ந்து மாறும்.
மிச்சமெல்லாம் சுட்டிகள்.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.
துரை மாறினார், பலகையில் கம்பெனி மாறியது,
கடிதங்கள் ஐந்தாம் காம்பராவுக்கே வந்தன.
இல்லை,
தோட்டத்து ஆபீசுக்கு வந்தன.
போய்க் கேட்டு வாங்கவேண்டும்.

மூன்று வாரம் ஒரு பிழை.
சேமித்து மூடித் திறந்தால்
எல்லாத் தலைப்பும் கறுப்பு.
காம்பரா எண் கோப்பில் எழுதப்படவேயில்லை.
ஒரே ஒரு வரி விடுபட்டிருந்தது.
அதைத் தேடிய இரவில்
எழுத்துருப் பட்டியலில் தமிழுக்கென்று
நான்கு ரோமன் எழுத்துடன் ஒரு வரி கண்ணில் பட்டது.
எவரோ என்றோ வைத்த இடம்.

மாதிரிக்கு ஒரு தீம் செய்தேன்.
பச்சை வைக்கவில்லை;
அது போஸ்ட்கார்டில் போதுமான அளவு இருக்கிறது.
கூரைத் தகரத்தின் துரு வைத்தேன்,
மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கின் மஞ்சள்,
ஐந்தாம் இடத்தில்
மல்லியப்பு சந்தியின் பனிமூட்டத்துக்குள்
பஸ் வருவதற்குச் சற்று முன்பு தெரியும்
அந்த மங்கல் செம்மஞ்சள்.

இன்று கீழே இறங்கி அவள் கோப்பில் போட்டேன்.
ஒரே சொடுக்கு.
ஃபஸ்மியா பக்கம் பக்கமாக உருட்டினாள், பேசவில்லை.
முப்பத்தொன்றில் நின்றாள்.
"இது மட்டும் ஏன் மாறல்ல?"

அட்டவணையில் ஒரு வரி, சிவப்பு:
பொ. அன்னக்கொடி, இரண்டாம் லயம்.
பணம் கொடுபடவில்லை.

பிழையில்லை என்றேன்.
இது எந்தக் காம்பராவையும் கேட்காத நிறம்,
ஒருவர் தெரிந்தெடுத்துக் கையால் இட்டது.
தீம் இதைத் தொடாது.
தொடாதபடிதான் எழுதியிருக்கிறேன்.

அந்த வரியை அவள் மறுபடி வாசித்தாள்.
பிறகு தலைவரின் நீலத்தை மறந்து
பொருளாளரின் நம்பரைத் தேடினாள்.
மணி அடித்துக்கொண்டேயிருந்தது.